வினைச்சொல் வரும்வரை மனம் சும்மா இருப்பதில்லை: இலக்கணம், வாக்கியப் புரிதல், இருமொழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழியியல் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் கல்யாண வீட்டிலும் சரி, ரயிலிலும் சரி, இரண்டு கேள்விகள் உடனே வரும். "எத்தனை மொழி தெரியும்?", "தமிழ் அழிந்துவிடுமா?" இரண்டுக்கும் என் வேலைக்கும் தொடர்பு குறைவு. மாணவர்களும் பெற்றோர்களும் ஆய்வில் கலந்துகொள்ள வந்தவர்களும் கேட்ட மற்ற கேள்விகள் இவற்றைவிடச் சுவாரசியமானவை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சரி, நீங்கள் ஆராய்வதுதான் என்ன?

ஒருவர் ஒரு தமிழ் வாக்கியத்தைக் கேட்கிறார் அல்லது படிக்கிறார். அந்த இரண்டு மூன்று வினாடிக்குள் அவர் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான். எந்தச் சொல்லை எதனோடு சேர்க்கிறார், எங்கே தடுமாறுகிறார், எதை முன்கூட்டியே ஊகித்துவிடுகிறார்? அவருக்கு இன்னொரு மொழியும் தெரிந்திருந்தால், அது இதில் எங்கே மூக்கை நுழைக்கிறது?

துறை வாரியாகப் பிரித்தால் இலக்கணம், மொழியைக் கையாளும் மனச்செயல், இருமொழி என்று மூன்றாக எழுதுவார்கள். எனக்கு மூன்றும் ஒரே கேள்விதான். இலக்கணம் என்பது எங்கோ எழுதி வைத்த விதியா, பேசும்போதும் கேட்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வேலையா? நான் இரண்டாவது கட்சி. கீழே உள்ள பதில்களில் அந்தச் சாய்வு தெரியும், தெரிந்தே படியுங்கள்.

நாங்கள் பேசும்போது தப்பைத் திருத்துவீர்களா?

மாட்டேன். மனதுக்குள் குறித்துக்கொள்வேன்.

பள்ளியில் படித்த இலக்கணத்துக்கும் உங்கள் இலக்கணத்துக்கும் என்ன வித்தியாசம்?

நினைப்பதைவிடக் குறைவு. பெயரெச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன பகுதி அது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல், பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். இன்றைய பேச்சிலும் அப்படித்தான். சாப்பிட்ட பையன், சாப்பிட்ட ஸ்பூன், சாப்பிட்ட ஹோட்டல், சாப்பிட்ட நேரம், சாப்பிட்ட இட்லி. "சாப்பிட்ட" என்ற சொல் மாறவே இல்லை. பையன் சாப்பிட்டவன், இட்லி சாப்பிடப்பட்டது, ஹோட்டல் இடம் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவும் இல்லை.

நன்னூல் இத்தனை வாய்ப்புகளையும் வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டது. எனக்கு அடுத்த கேள்வி: கேட்கிறவர் இந்த ஆறில் ஒன்றைக் கண் இமைக்கும் நேரத்தில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

நாய் கடித்த பையன்.
நாய் வளர்த்த பையன்.

முதலாவதில் கடித்தது நாய். இரண்டாவதில் வளர்த்தது பையன். "நாய்" இரண்டிலும் உருபு இல்லாமல்தான் நிற்கிறது. அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும்போது "ஐ" உருபை விட்டுவிடத் தமிழ் அனுமதிக்கிறது. அதனால் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் இல்லாமல் போகிறது. உலக அறிவுதான் வேலையை முடிக்கிறது. நாயே வளர்த்த பையன் என்று கதை எழுதினாலும் வாக்கியம் இதேதான்! விதி அனுமதிப்பதற்கும், நாம் உண்மையில் எடுத்துக்கொள்ளும் பொருளுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் என் ஆராய்ச்சியின் பெரும்பகுதி இருக்கிறது.

இப்படிப்பட்ட தொடர்களில் எந்த வகை எளிது என்ற சண்டை வேறு மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தில் "டீச்சரை அடித்த பையன்" வகை வாக்கியங்கள் எளிது. "டீச்சர் அடித்த பையன்" வகை கடினம். கொரிய, ஜப்பானிய மொழிகளிலும் அதே போக்கைத்தான் கண்டிருக்கிறார்கள். சீன மொழியில் நேர்மாறு என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது; அதை மறுத்து வேறு ஆய்வுகளும் வந்தன. தமிழைப் போலவே சீனத்திலும் கொரியத்திலும் ஜப்பானியத்திலும் விளக்கம் முதலில் வரும், பெயர் பின்னால் வரும். அதனால் தமிழ்த் தரவு இந்த வழக்கில் ஒரு முக்கிய சாட்சி.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அதுவரை காத்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஆங்கிலவழிப் பள்ளிகளில் சில ஆசிரியர்களே "தமிழில் கடைசிச் சொல் வரை எதுவும் புரியாது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையானால் நம்மால் உரையாடவே முடியாது.

இந்த இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி முடிக்கச் சொல்லுங்கள்:

அவனுக்கு என்னை...
அவன் எனக்கு...

முதலாவதற்குப் பெரும்பாலும் "தெரியும்", "பிடிக்காது" என்று வரும். இரண்டாவதற்கு "பணம் கொடுத்தான்", "ஃபோன் பண்ணினான்", "அண்ணன் முறை" என்று வரும். இருப்பது அதே இரண்டு ஆட்கள்தான். உருபுகள் இடம் மாறியதும் வரப்போகும் வினையின் இனமே மாறிவிட்டது. அதாவது வினை வருவதற்கு முன்பே "கு"வும் "ஐ"யும் ஆயிரக்கணக்கான வினைகளை ஒரு கைப்பிடி அளவுக்குக் குறைத்துவிடுகின்றன.

இதைக் கருவி வைத்துக் காட்டியது ஜப்பானிய மொழியில். யூகி கமிடே, ஜெரி ஆல்ட்மன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அது. கணினித் திரையில் உணவகப் பணிப்பெண், வாடிக்கையாளர், பர்கர் படங்கள் இருக்கும். "பணிப்பெண் வாடிக்கையாளருக்கு" என்று காதில் விழுந்ததும், பர்கர் என்ற சொல் வருமுன்பே பார்வையாளர்களின் கண் பர்கர் படத்துக்குப் போகிறது. "வாடிக்கையாளரை" என்று கேட்டால் அந்த அளவுக்குப் போவதில்லை. ஒரே ஓர் உருபு கண்ணை நகர்த்துகிறது. ஜப்பானியமும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழி.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. வினை தள்ளிப்போகப் போக அது கடினமாக வேண்டும் அல்லவா? நடுவில் நிறையச் சொற்களை நினைவில் வைத்திருக்க வேண்டுமே. ஜெர்மனில் லார்ஸ் கொனியெட்ஸ்னி 2000-இல் வெளியிட்ட முடிவு வேறு: வினை தள்ளிப்போனபோது மக்கள் அதை வேகமாகவே படித்தார்கள். இந்தியில் ஷ்ரவண் வசிஷ்ட் செய்த ஆய்வுகளிலும் இப்படிப்பட்ட முடிவுகள் வந்தன. முன்னால் வரும் ஒவ்வொரு சொல்லும் வினையைப் பற்றி ஒரு துப்பு கொடுப்பதால், வினை வந்து சேரும்போது அது பாதி தெரிந்த செய்தி. எல்லாச் சூழலிலும் இப்படி நடப்பதில்லை. சுமை கூடினால் நினைவாற்றல் தோற்கத்தான் செய்கிறது. எந்த இடத்தில் ஊகம் ஜெயிக்கிறது, எந்த இடத்தில் நினைவு தோற்கிறது என்பதுதான் இப்போதைய விவாதம்.

காத்திருக்கிறோம் என்ற வாதத்துக்கு எதிராக இன்னொரு தகவல். 2009-இல் தான்யா ஸ்டிவர்ஸும் சக ஆய்வாளர்களும் பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்தார்கள். ஒருவர் கேட்டு முடித்ததற்கும் அடுத்தவர் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாகச் சுமார் 200 மில்லிவினாடிதான். அந்தப் பத்தில் மிக வேகமாகப் பதில் வந்தது வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானியத்தில்.

ஊகம் தப்பிப்போனால்?

மெதுவாக, சொல் சொல்லாகப் படியுங்கள்:

அம்மா / குழந்தையை / அடித்த / டீச்சரைத் / திட்டினாள்.

"அம்மா குழந்தையை அடித்த" வரை வந்ததும் மனதில் ஒரு காட்சி விழுந்துவிடுகிறது: அம்மா குழந்தையை அடிக்கிறாள். அடுத்து "டீச்சரை" வருகிறது. காட்சி கலைகிறது. அடித்தவர் டீச்சர், அம்மா அதற்காகச் சண்டைக்குப் போயிருக்கிறாள். பாவம், ஒரு நொடி அவள்மேல் பழி போட்டுவிட்டோம்.

இந்த மாதிரி வழிதவற வைக்கும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் தாமஸ் பெவர் 1970-இல் பிரபலப்படுத்தினார். ஜப்பானியத்தில் நம் "அம்மா" வாக்கியத்தைப் போலவே அமைந்தவை நிறைய ஆராயப்பட்டிருக்கின்றன. இவற்றில் எனக்குப் பிடித்த விஷயம், சிரமம் எங்கே வருகிறது என்பதை ஒரு சொல்லின் அளவுக்குச் சுட்டிக்காட்ட முடியும். "டீச்சரை" என்ற இடத்தில் வாசிப்பு மெதுவாகும். பிறகு பழைய வேகத்துக்குத் திரும்பும். இதே வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னால் "அம்மா"வுக்குப் பின் ஒரு சின்ன நிறுத்தம் விடுவோம். குழப்பம் முக்கால்வாசி போய்விடும். எழுத்தில் அந்த உதவி கிடையாது.

சில வாக்கியங்கள் இலக்கணப்படி சரி, ஆனால் தலை சுற்றுகிறதே?

கமலா ராஜா மீனா பாடுவாள் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

பிழை ஏதும் இல்லை. இருந்தும் ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. உருபு எதுவும் இல்லாத மூன்று பெயர்கள் வரிசையில் நிற்கின்றன. மூன்றுக்கும் வினை பாக்கி. ஒரே மாதிரி இருக்கும் பொருட்களை நினைவில் பிரித்து வைப்பது கடினம். இப்போது இது:

மீனா பாடுவாள் என்று ராஜா நினைத்ததாகக் கமலா சொன்னாள்.

சொற்கள் அதேதான். ஒவ்வொரு பெயரும் அதன் வினையை உடனே பெற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. தமிழின் சொல் வரிசை நெகிழ்வானது என்று பெருமையாகச் சொல்வோம். நம் பேச்சில் அந்த நெகிழ்வு பெரும்பாலும் செலவாவது இப்படிப்பட்ட மூட்டைகளை அவிழ்த்து வைக்கத்தான் என்பது என் கணிப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வாக்கியங்கள் விதிப்படி எல்லையில்லாமல் நீளலாம், மனித நினைவு நீளாது என்பதை ஜார்ஜ் மில்லரும் நோம் சாம்ஸ்கியும் 1963-லேயே எழுதிவிட்டார்கள்.

"மாணவர்களின் கோரிக்கை நிறைவேற்றப்பட்டன" என்று செய்தியில் வருகிறதே, இது அறியாமையா?

பெரும்பாலும் இல்லை. எழுதியவரிடம் "கோரிக்கை ஒருமையா, பன்மையா?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார். வினைக்கு வந்து சேரும் நேரத்தில் "மாணவர்களின்" என்ற பன்மை இன்னும் மனதில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. விரல் "பட்டன" என்று அடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதே வகைப் பிழையை ஆய்வகத்தில் வரவழைத்து ஆராய்ந்தவர்கள் கேத்ரின் பாக்கும் கரோல் மில்லரும், 1991-இல். பிழை திருத்துபவரின் கண்ணும் அதே இடத்தில் ஏமாறுகிறது என்பதால்தான் இது அச்சு வரை போய்விடுகிறது.

எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் – இதுவே இருமொழிதானே?

ஒருவகையில். சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இதற்கு இரட்டை வழக்கு என்ற கருத்தை முன்வைத்தார். அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன் எல்லாம் அந்தக் கட்டுரையில் உண்டு. தமிழ் அதற்குப் பொருத்தமான இன்னொரு எடுத்துக்காட்டு. "வந்துட்டாங்க" என்று ஐந்து வயது வரை கேட்ட குழந்தை, பள்ளியில் "வந்துவிட்டார்கள்" என்று படிக்கத் தொடங்குகிறது.

எனக்கு இது கோட்பாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை, தினசரித் தலைவலி. திரையில் படிக்க வைக்கும் சோதனைகளுக்கு எழுத்துத் தமிழ்தான் வேண்டும். எழுத்துத் தமிழைப் பார்த்ததும் கலந்துகொள்பவர் பரீட்சை எழுதும் மனநிலைக்குப் போய்விடுகிறார். பேச்சுத் தமிழை எழுதிக்காட்டினால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். வேகம் குறைந்தது வாக்கியத்தாலா எழுத்தாலா என்று பிரிக்க முடியாது. ஒலிப்பதிவாகக் கொடுத்தால் அடுத்த கேள்வி, யாருடைய பேச்சு? சென்னைக்காரர் "பேசுறது" என்றால் யாழ்ப்பாணத்துக்காரர் "கதைக்கிறது" என்பார். முடிந்தவரை அந்தந்த ஊர்க்காரரை வைத்தே பதிவு செய்வது நல்லது.

இரண்டு மொழி தெரிந்தவர் ஒன்றைப் பேசும்போது மற்றது அணைந்திருக்குமா?

அணையாது. 1999-இல் மைக்கேல் ஸ்பைவியும் வியோரிகா மரியனும் ரஷ்யமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் ரஷ்ய மொழியில் "அஞ்சல்தலையை நகர்த்து" என்ற மாதிரிக் கட்டளைகளைக் கொடுத்தார்கள். அஞ்சல்தலைக்கு ரஷ்யச் சொல் "மார்க்கா". மேசையில் ஒரு மார்க்கர் பேனாவும் இருந்தது. அதன் ஆங்கிலப் பெயர் யாருமே சொல்லாதபோதும் கண் அதன் பக்கம் ஓடியது.

நம் ஊரில் இதற்குக் குறைவே இல்லை. "எனக்கு ஒரு கால்..." என்று ஒருவர் தொடங்கினால் வலிக்கிறதா, வந்ததா என்று அடுத்த சொல் வரும்வரை தெரியாது. இருமொழியாளர் என்பவர் இரண்டு ஒருமொழியாளர்களை ஒட்டவைத்த ஆள் இல்லை என்று பிரான்சுவா க்ரோஷான் 1989-இல் எழுதினார். ஆராய்ச்சியாளர்களுக்கே எச்சரிக்கையாக எழுதியது அது. இன்றும் பலர் இருமொழிக் குழந்தையின் தமிழைத் தமிழ் மட்டும் தெரிந்த குழந்தையோடும், ஆங்கிலத்தை லண்டன் குழந்தையோடும் ஒப்பிட்டு, இரண்டிலும் குறை கண்டுபிடிக்கிறார்கள்.

தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவது அரைகுறை அறிவால்தானே?

இந்தக் கேள்வி வந்தால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன்.

கலப்பை விரும்புவதும் வெறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் அது ஒழுங்கில்லாத பேச்சு என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். "நான் ட்ரை பண்ணினேன்" என்கிறோம். "நான் ட்ரையினேன்" என்று ஒருவரும் சொல்வதில்லை. "ட்ரைட் பண்ணினேன்" என்றும் இல்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல் தமிழ் உருபை நேராக ஒட்டிக்கொள்கிறது: பஸ்ஸில், ஆபீஸுக்கு, ஃபைலை. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த உரிமை கிடையாது. நடுவில் ஒரு தமிழ் வினை நின்று காலத்தையும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடத்தையும் சுமக்க வேண்டும். யார் போட்ட சட்டம் இது? எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆனால் திருநெல்வேலியிலும் கோயம்புத்தூரிலும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கிறார்கள்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள்.

ஃபைல் ஓப்பன் ஆகலை.
ஃபைலை ஓப்பன் பண்ணலை.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே "ஓப்பன்" போதும். தமிழுக்குப் போதாது. தானாக நடப்பதையும் ஒருவர் செய்வதையும் "திறந்தது, திறந்தான்" போலச் சில இடங்களில் ஒரே வினையால் சொன்னாலும், "உடைந்தது, உடைத்தான்", "திரும்பியது, திருப்பினான்" என்று தமிழ் வினைகள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். ஆங்கிலச் சொல் உள்ளே வந்ததும் நம் இலக்கணம் "ஆகு" ஒரு பக்கம், "பண்ணு" ஒரு பக்கம் என்று அதே பிரிவை அதன்மேல் போட்டுவிட்டது. கன்ஃப்யூஸ் ஆயிட்டேன், கன்ஃப்யூஸ் பண்ணிட்டான். சொல் ஆங்கிலம், வாக்கியத்தின் எலும்புக்கூடு முழுக்கத் தமிழ். பிரேக் போடுகிறோம், ஹாரன் அடிக்கிறோம், ஃபோட்டோ எடுக்கிறோம், போர் கூட அடிக்கிறது. இங்கே ஏன் "பண்ணு" இல்லை என்பது தனி ஆய்வுக்கு உரியது.

கலப்பைப் பற்றிய உலக விவாதத்தில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. போர்ட்டோ ரிக்கோக்காரர்களின் ஸ்பானிய-ஆங்கிலக் கலப்பை நியூயார்க்கில் ஆராய்ந்த ஷானா பாப்லாக், சரளமான இருமொழியாளர்கள்தான் வாக்கியத்துக்கு நடுவே கலக்கிறார்கள் என்று 1980-இல் காட்டினார். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் "ஓகே", "சரிதானே" மாதிரித் தனித்துண்டுகளோடு நின்றுகொண்டார்கள். அப்புறம் டேவிட் சாங்கோஃப், பாப்லாக், சுவாதி வன்னியராஜன் மூவரும் 1990-இல் தமிழ்-ஆங்கிலப் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பேச்சில் அப்போதைக்கு வந்து விழும் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள், உருபு ஏற்பதில் தமிழ்ப் பெயர்களைப் போலவே நடந்துகொள்கின்றன. எனவே அவற்றை மொழித் தாவல் என்று சொல்லாமல், அந்த நேரத்துக் கடன் என்றே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதை ஏற்காதவர்களும் உண்டு. "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே" என்று தொல்காப்பியம் கடன் சொற்களைத் தமிழ் ஒலிக்கு இசைத்து ஏற்கச் சொல்வது நினைவுக்கு வருகிறது. அங்கே பேச்சு ஒலியைப் பற்றி. இங்கே உருபைப் பற்றி.

அதிகமாகக் கலந்தால் மொழியின் இலக்கணமே மாறிவிடாதா?

மாறிய இடங்கள் உண்டு. மராட்டிய மாநிலம் சாங்லி பகுதியில் குப்வார் என்ற ஊரில் கன்னடம், உருது, மராத்தி பேசுவோர் தலைமுறை தலைமுறையாக ஒன்றாக வாழ்ந்தார்கள். ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971-இல் எழுதியதன்படி, அந்த மூன்று மொழிகளின் வாக்கிய அமைப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டிருந்தது. ஒரு மொழிச் சொல்லுக்குப் பதில் இன்னொரு மொழிச் சொல்லை வைத்தாலே மொழிபெயர்ப்பு முடிந்துவிடும் அளவுக்கு.

மட்டக்களப்பில் ஐரோப்பிய வழிவந்த பரங்கியர் பேசிய போர்த்துக்கீசியக் கலப்புமொழி இன்னொன்று. போர்த்துக்கீசியத்தில் வினை நடுவில் வரும். மட்டக்களப்பில் தமிழோடு நூற்றாண்டுகளாகப் பழகி, அந்த மொழி வினையைக் கடைசிக்குத் தள்ளியது, பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டவும் பழகியது. இயன் ஸ்மித் அதை விரிவாக எழுதியிருக்கிறார். பிற மொழி நம்மைக் கெடுக்கிறது என்று புலம்புவோருக்கு இந்தக் கதையைச் சொல்வேன்: இங்கே மாற்றியது தமிழ்.

ஆனால் மாற்றம் என்பது அழிவுக்கு முந்தைய படி என்றும் சொல்ல முடியாது. மதுரை சௌராஷ்டிரர்கள் தமிழோடு நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள், வீட்டில் சௌராஷ்டிரமும் பேசுகிறார்கள். குடிபெயர்ந்தவர்கள் தங்கள் மொழியை விட்டுவிடுவது மேற்கில் எதிர்பார்க்கப்படுவது. இந்தியாவில் தக்கவைப்பதுதான் வழக்கம் என்று மொழியியலாளர் பி. பி. பண்டிட் வாதிட்டதற்கு இவர்களும் சாட்சி.

இரண்டு மொழியில் பேசினால் குழந்தை குழம்பாதா? பேச்சு தாமதமாகாதா?

குழம்பாது. கருவில் இருக்கும்போதே ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் மொழியான தகலாகும் கேட்ட பச்சிளம் குழந்தைகள் பிறந்த சில நாட்களிலேயே இரண்டையும் பிரித்தறிந்தன என்று 2010-இல் வான்கூவர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சொல்வளம் குறைவு என்று தோன்றுவது பெரும்பாலும் ஒரு மொழியில் மட்டும் எண்ணுவதால். மயாமியில் 1993-இல் பார்பரா பியர்சன் குழுவினர் இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டி எண்ணிப் பார்த்தார்கள். ஒருமொழிக் குழந்தைகளுக்கு இணையாகவே வந்தது.

இரண்டு மொழியிலும் பேச்சு வரவில்லை என்றால் அது வேறு விஷயம். பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். தமிழை நிறுத்துவது அதற்கு மருந்து இல்லை.

"புரியும், ஆனால் பேச வராது" – வெளிநாட்டில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இப்படி?

கேட்பதும் பேசுவதும் வேறு வேறு வேலை. கேட்கும்போது "அவனுக்கு என்னை" என்று நீங்களே துப்பு கொடுத்துவிடுகிறீர்கள்; பேசும்போது பிள்ளை அந்த உருபைத் தானே தேடி எடுக்க வேண்டும், அதுவும் நொடிக்குள். எடுக்கும் பழக்கம் இல்லாவிட்டால் கை ஆங்கிலத்துக்குத்தான் போகும்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஆனிக் டி ஹவர் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், வீட்டில் வேறு மொழியும் பேசப்பட்ட குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவில்லை. அப்பா அம்மா இருவரும் வீட்டில் அதைப் பேசுகிறார்களா என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தியது. ஈழத் தமிழ்க் குடும்பங்களை லண்டன், டொராண்டோ, கலிபோர்னியாவில் ஆராய்ந்த சுரேஷ் கனகராஜா, இதை வீட்டுக்குள் மட்டும் தேடக் கூடாது என்கிறார். வேலை, பள்ளி, சுற்றியுள்ள சமூகத்தின் மதிப்பீடு எல்லாம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பெற்றோரை மட்டும் குற்றம் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. வழி கேட்டால், பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள் என்பேன். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியிடம் விடுமுறைக்கு விட்டால் இன்னும் நல்லது.

இருமொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும் என்கிறார்களே?

இந்த ஊசல் நூறு ஆண்டுகளாக ஆடுகிறது. 1923-இல் வேல்ஸில் டி. ஜே. சேயர் இருமொழிக் கிராமப் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்றார். 1962-இல் மாண்ட்ரியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் வசதி, வகுப்பு எல்லாம் ஒப்பிடத் தக்க பிள்ளைகளை எடுத்தபோது இருமொழியாளர்கள் முன்னால் இருந்தார்கள். ஒடிசாவில் கோந்தர் பழங்குடிக் குழந்தைகளிடம் அஜித் மொகந்தி கண்டதும் இதே பக்கம்.

அப்புறம் 2004-இல் எலன் பியாலிஸ்டாக் குழுவின் புகழ்பெற்ற ஆய்வு. கவனத்தைத் திருப்பும் சோதனையில் இருமொழி முதியவர்கள் வேகமாகச் செய்தார்கள். அதன் முதல் பகுதியில் இருமொழியாளர்கள் யார் தெரியுமா? இந்தியாவில் வாழ்ந்த தமிழ்-ஆங்கிலம் பேசுவோர். ஒருமொழியாளர்களோ கனடாவில் இருந்தவர்கள். இரண்டு நாடு, இரண்டு வாழ்க்கை. வித்தியாசம் மொழியால் வந்தது என்று எப்படிச் சொல்வது? 2013-இல் கென்னத் பாப்பும் ஜாக்கரி கிரீன்பெர்கும் அனுகூலம் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். 2015-இல் ஆஞ்சலா டி ப்ரூயின் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: மாநாடுகளில் படிக்கப்பட்டவற்றில் அனுகூலத்தை ஆதரித்த ஆய்வுகளே அதிகம் அச்சாகியிருந்தன.

முதுமை மறதி பற்றிய தரவு இதைவிடக் கனமானது. சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் 648 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். இருமொழியாளர்களுக்கு மறதிநோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்ததால், எல்லாம் படிப்பின் விளைவு என்று தள்ள முடியவில்லை. தெலுங்கும் தக்கணியும் தெருவிலேயே கற்றுக்கொள்ளும் ஊரில் செய்தது அதன் பலம்.

என் கருத்து: கூர்மை வரும் என்று பிள்ளைக்கு மொழி சொல்லித்தர வேண்டாம். தாத்தாவோடு பேச முடியும் என்பதே போதுமான காரணம்.

பக்கவாதம் வந்தால் எந்த மொழி முதலில் திரும்பும்?

முதலில் கற்ற மொழி என்றார் ரிபோ (1881). அதிகம் புழங்கிய மொழி என்றார் பித்ர் (1895). பெரும்பாலானோருக்கு இரண்டும் சேர்ந்தே திரும்புகின்றன. விதிவிலக்குகளும் உண்டு என்பதால், சிகிச்சைக்குப் போகும்போது நோயாளிக்குத் தெரிந்த எல்லா மொழிகளையும் சொல்லுங்கள். ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் மிச்சமிருப்பது தெரியாமல் போகலாம்.

இவற்றை எப்படி அளக்கிறீர்கள்?

மிக எளிய முறை, சொல் சொல்லாகப் படிக்க வைப்பது. திரையில் ஒரு சொல் தெரியும். விசையைத் தட்டினால் அது மறைந்து அடுத்தது வரும். தட்டலுக்கும் தட்டலுக்கும் இடையே எத்தனை மில்லிவினாடி என்று கணினி பதிந்துகொள்ளும். "டீச்சரை" என்ற இடத்தில் நேரம் கூடினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

அடுத்தது கண்ணசைவுக் கருவி. படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை; தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் கால் வினாடிக்கு அருகில். பின்னால் திரும்பிப் பார்த்த இடங்களும் பதிவாகும்.

மூன்றாவது மூளை மின்னலைப் பதிவு. 1980-இல் மார்ட்டா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், ரொட்டியில் காலுறையைத் தடவினான் என்ற மாதிரி முடியும் வாக்கியங்களைக் காட்டி, பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லிவினாடியில் ஒரு குறிப்பிட்ட அலை எழுவதைக் கண்டார்கள். இலக்கணச் சிக்கலுக்கு 600 மில்லிவினாடியை ஒட்டி வேறோர் அலை எழும் என்று 1992-இல் தெரியவந்தது.

மொழியியல் எங்கே படிக்கலாம்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் இரண்டு மத்தியப் பல்கலைக்கழகங்கள், டெல்லி ஜே.என்.யூ. மைசூரில் 1969-இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஆய்வுக்கு நல்ல நூலகம். தமிழ் இலக்கியம் படித்தவரும் வரலாம், கணினி படித்தவரும் வரலாம். புள்ளியியலுக்குப் பயந்தால் மட்டும் கஷ்டம்.

ஆய்வில் கலந்துகொள்ள நான் வரலாமா? என் தமிழ் அவ்வளவு நன்றாக இருக்காது.

தாராளமாக வரலாம். நல்ல தமிழ், கெட்ட தமிழ் என்ற சோதனை இல்லை; மதிப்பெண்ணும் கிடையாது. நீங்கள் எந்த மொழியை எந்த வயதில், யாரிடம் பேசப் பழகினீர்கள் என்று ஒரு படிவம் கேட்கும். அதை நிதானமாக நிரப்புங்கள். "தாய்மொழி" என்ற கட்டத்தில் இரண்டு மொழி எழுதினாலும் அடிக்க மாட்டோம். படிக்கும் கண்ணாடி இருந்தால் கொண்டு வாருங்கள். மூளை மின்னலைப் பதிவுக்கு வருவதாக இருந்தால் மட்டும் அன்று காலை தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள். எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாகப் பிடிக்காது. பிடிக்க வைக்கும் பசையை அலசத் தண்ணீரும் துண்டும் நாங்கள் தருகிறோம்.